ரீபில்ட் எஞ்சின் கொடுத்தால் வாங்கலாமா?

கேள்வி: சார், நான் டாலஸில் இருக்கிறேன். பல வருஷ ஆசைக்குப் பிறகு இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். மூன்று வருஷம் ஆகிறது, 31,000 மைல் ஓடியிருக்கிறது. போன மாதம் எஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து டக் டக் என்று சத்தம், ஆயில் பிரஷர் விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைந்தது. டீலரிடம் விட்டேன். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்ததில் உலோகத்தூள் இருக்கிறது, பேரிங் போய்விட்டது, வாரண்டியிலேயே எஞ்சினை மாற்றித் தருகிறோம் என்றார்கள். சந்தோஷப்பட்டேன். மறுநாள் போன் செய்து, வரப்போவது புது எஞ்சின் இல்லை, ரீபில்ட் எஞ்சின் என்கிறார்கள். புதுக் கார் வாங்கியவனுக்குப் பழைய எஞ்சினா? புதுசுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாமா? (டீலர் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் வாசகர் எழுதியிருந்தார். இங்கே எடுத்துவிட்டோம்.)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் டீலரிடம் போய்ச் சத்தம் போடுவதற்கு முன்னால் காரோடு கொடுத்த வாரண்டி புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பழுதான பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகமோ, ரீமேனுஃபாக்சர் செய்த பாகமோ, எதைப் போடுவது என்பது கம்பெனியின் முடிவு என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான கார்களின் புத்தகத்தில் ஏதோ ஒரு வடிவத்தில் அது இருக்கிறது. அந்த வரி இருந்தால், புது எஞ்சின் என் உரிமை என்று கேட்க முடியாது. வேண்டுகோளாகக் கேட்கலாம், சில சமயம் ரீபில்ட் எஞ்சின் கையிருப்பில் இல்லாமல் புதுசே வந்துவிடுவதும் உண்டு. பழுதான புதுக் காரைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கும் லெமன் சட்டத்தைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். டெக்சாஸில் அது கார் வாங்கிய முதல் 24 மாதம் அல்லது 24,000 மைலை ஒட்டித்தான் வேலை செய்யும், உங்கள் கார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

சரி, ரீபில்ட் என்றால் என்ன? இந்த ஒரே வார்த்தையை மூன்று வேறு வேறு பொருளுக்குச் சொல்கிறார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலாவது, டீலரிடம் இருக்கும் மெக்கானிக்கே உங்கள் எஞ்சினை இறக்கி, போன பேரிங்கை மட்டும் மாற்றி, திரும்ப மூடி ஏற்றுவது. இரண்டாவது, எங்கோ விபத்தில் சிக்கிய காரின் எஞ்சினைக் கழற்றி, கழுவி, கேஸ்கெட் மாற்றி அனுப்புவது. மூன்றாவது, கம்பெனியோ கம்பெனி ஒப்பந்தம் போட்ட தொழிற்சாலையோ ஒரு பழைய எஞ்சினை நட்டு போல்ட் வரைக்கும் பிரித்து, பிளாக்கை ரசாயனத் தொட்டியில் கழுவி, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டு) அளந்து, தேவையானால் கிரைண்டிங் செய்து, சிலிண்டரின் உள்சுவரைச் சன்னமாகத் தேய்த்து ஹோனிங் செய்து, ரிங், பேரிங், சீல், கேஸ்கெட், ஆயில் பம்ப் எல்லாம் புதுசு போட்டு, ஓட்டிச் சோதித்துப் பெட்டியில் அடைத்து அனுப்புவது. ரீமேனுஃபாக்சர் என்று சொல்ல வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். இது வருகிறது என்றால் நான் தாராளமாக வாங்கிக்கொள்வேன். சில சமயம் புதுசை விடவே நல்லது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் காரில் முதலில் போட்ட பாகத்தில் ஏதாவது குறை இருந்து, கம்பெனி பிற்பாடு அந்தப் பாகத்தைத் திருத்தியிருந்தால், திருத்திய பாகம்தான் இந்த எஞ்சினில் வரும். முதலாவது வகை என்றால் கொஞ்சம் யோசிப்பேன். இரண்டாவது வகை என்றால், எந்தக் காரிலிருந்து எடுத்தது, எத்தனை மைல் ஓடியது என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

2014இல் நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். போர்ஷே 911 ஜிடி3 அப்போது புதிதாக வந்திருந்தது, 9,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) வரைக்கும் போகிற 3.8 லிட்டர் எஞ்சின், 475 குதிரைத் திறன். வந்த கொஞ்ச நாளிலேயே ஐரோப்பாவில் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. போர்ஷே எல்லோரிடமும் காரை ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஆராய்ந்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து, ராடு எஞ்சினின் கூடான கிராங்க் கேஸை உடைத்து, வெளியே கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது என்று தெரிந்தது. உலகம் முழுக்க விற்ற 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றினார்கள். அங்கே போட்டது புது எஞ்சின், அது உண்மை. ஆனால் நான் கவனிப்பது அதை அல்ல. மாற்றிய எஞ்சினில் போல்ட்டையும் மாற்றியிருந்தார்கள். அதே பழைய போல்ட்டோடு பளபளவென்று 785 புது எஞ்சின்களைக் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அதனால் டீலரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புதுசா பழசா என்பதல்ல. என் பழைய எஞ்சின் ஏன் போனது, அந்தக் காரணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான். ஆயில் பம்ப் சோர்ந்ததா, பேரிங்கே தவறான அளவா, ஆயில் போகும் வழி அடைத்ததா? 'தெரியாது, கம்பெனி மாற்றச் சொன்னது, மாற்றுகிறோம்' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், சர்வீஸ் மேனேஜரிடம் இதே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அடுத்தது ஆயில் கூலர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்றிய எஞ்சின் திரும்பவும் போவதற்கு நான் பார்த்தவரையில் இதுவே பெரிய காரணம். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு காரின் எஞ்சினை இறக்கி, கிராங்கை கிரைண்டிங் கொடுத்து, புது பேரிங் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, மனசாரச் செய்து ஏற்றினோம். ஆயில் கூலரை மட்டும் டீசல் விட்டு நாலு தடவை அலசிவிட்டுப் பழையதையே மாட்டினோம். இருபது நாளில் கார் அதே சத்தத்தோடு வந்து நின்றது. பிரித்துப் பார்த்தால் பழைய பேரிங்கின் தூள் புதுப் பேரிங்கைக் கோடு கோடாகக் கிழித்திருந்தது. கூலருக்குள் இருக்கும் சன்னமான வழிகளில் தூள் ஒட்டிக்கொண்டால் எந்த அலசலுக்கும் முழுதாக வெளியே வராது. எஞ்சின் சூடாகி ஆயில் வேகமாக ஓடும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தக் காரின் சொந்தக்காரர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேரிங் போய் உலோகத்தூள் சுற்றிய எஞ்சின் என்றால் ஆயில் கூலர், அதற்குப் போகும் குழாய்கள், டர்போ இருந்தால் அதன் ஆயில் குழாய், ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் கார் என்றால் அந்தத் தொட்டி, எல்லாமே மாற வேண்டும், அல்லது மாற்றத் தேவையில்லை என்று டீலர் எழுதிக் கொடுக்க வேண்டும். வாரண்டியில் எஞ்சினுக்கு அனுமதி கொடுத்துவிட்டு கூலருக்குக் கொடுக்காமல் இழுப்பது நடக்கிற விஷயம். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பிடிவாதத்தை எல்லாம் புது எஞ்சினுக்குச் செலவழிக்காமல் இதற்குச் செலவழியுங்கள்.

அப்புறம், வருவது லாங் பிளாக்கா ஷார்ட் பிளாக்கா என்று கேளுங்கள். லாங் பிளாக் என்றால் மேல்பகுதியான ஹெட்டும் சேர்ந்தே வரும். ஷார்ட் பிளாக் என்றால் கீழ்ப்பகுதி மட்டும்தான், உங்கள் பழைய ஹெட்டை எடுத்து அதன் மேல் வைப்பார்கள். அந்த ஹெட்டுக்குள்ளும் தூள் போயிருக்கும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் உட்காரும் இடம் கீறியிருக்கும். உலோகத்தூள் சுற்றிய எஞ்சினுக்கு லாங் பிளாக்தான் சரி. மாற்றிய எஞ்சினுக்கு எத்தனை நாள் வாரண்டி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், காரின் மிச்ச வாரண்டி அல்லது 12 மாதம் 12,000 மைல், இதில் எது அதிகமோ அது என்பது பரவலாக இருக்கும் ஏற்பாடு. எஞ்சின் வர வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரைக்கும் ஓட்ட மாற்றுக் கார் கேளுங்கள். புத்தகத்தில் அந்தச் சலுகை இல்லை என்றாலும் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். என் காருக்கு நானே வீட்டில் ஆயில் மாற்றுவேன், அப்பாவிடம் கற்றுக்கொண்டது. இப்போது எஞ்சினில் பிரச்சினை வந்து வாரண்டி கேட்டால், எங்களிடம் சர்வீஸ் செய்யவில்லை, ரசீதைக் காட்டுங்கள் என்கிறார்கள். கூடவே, நீங்கள் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டினீர்களா என்றும் கேட்டார்கள். ஒரு தடவை ஓட்டியிருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: வீட்டில் ஆயில் மாற்றியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, அம்மா. அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டம் இருக்கிறது. எங்கள் கடையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், எங்கள் பிராண்ட் ஃபில்டர்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைக்கக் கூடாது, அப்படி வைத்தால் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் பராமரிப்பே செய்யவில்லை, அதனால்தான் எஞ்சின் போனது என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது, அப்போது செய்தேன் என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய கடை ரசீது இருக்கிறதா? தொலைந்திருந்தால் கிரெடிட் கார்டு கணக்கில் அந்தத் தேதியும் தொகையும் இருக்கும், பெரிய கடைகளில் உங்கள் கணக்கைத் திறந்து பழைய பில்லை எடுத்துத் தருவார்கள். கைப்பட எழுதிய நோட்டு இருந்தாலும் நல்லது. வாங்கிய ஆயில் உங்கள் காரின் புத்தகத்தில் சொன்ன தரம்தானா என்பதையும் சரிபாருங்கள், நிறைய பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இனிமேல் ஆயில் மாற்றும்போதெல்லாம் மைல் மீட்டரை ஒரு போட்டோ, ஃபில்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

டிராக் விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. பந்தயத்தில் ஓட்டியதால் வந்த பழுதுக்கு வாரண்டி இல்லை என்று ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். டிராக்கில் ஓட்டினாலே வாரண்டி முழுதும் போச்சு என்பது வேறு, டிராக்கில் ஓட்டியதால்தான் இந்தப் பழுது வந்தது என்பது வேறு. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் கார் சொல்லிவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். போர்ஷே மாதிரி கார்களில் எஞ்சின் எந்த ஆர்பிஎம் வரை போனது, அது எஞ்சின் ஓடி எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கும், டீலர் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். நாலாவது கியர் போட நினைத்து இரண்டாவதில் கை விழுந்துவிட்டால் சக்கரம் எஞ்சினைப் பிடித்து இழுக்கும், ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. அப்படி ஒன்று நடந்திருந்தால் பதிவில் இருக்கும், மறைப்பதில் பலனில்லை. நடக்கவில்லை என்றால் அந்தப் பதிவே உங்களுக்குச் சாட்சி, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் புகார் எண் வாங்குங்கள், கம்பெனியின் மண்டலப் பிரதிநிதி நேரில் வந்து காரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். பிரித்த பிறகு எது எப்படி இருந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: நியூ ஜெர்சியில் 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு கியர் மேனுவல், 88,000 மைல். 2011இல் 52,000 மைலில் கம்பெனி வாரண்டியில் ரீபில்ட் எஞ்சின் போட்டதாக பில்லைக் காட்டுகிறார் விற்பவர். எஞ்சின் மாற்றிய கார் என்பது நல்லதா கெட்டதா? இது என் சின்ன வயசுக் கனவுக் கார்.

பதில்: இந்தக் காரைப் பொறுத்தவரை எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரண விஷயம். எத்தனையோ ஆர்எக்ஸ்-8 கார்கள் இப்படி மாற்றப்பட்டவை. வட அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு ரோட்டரி எஞ்சினின் உள்பாகத்துக்கான வாரண்டியை 8 வருஷம் அல்லது 100,000 மைல் என்று மாஸ்டாவே நீட்டித்துக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் கார் அந்தக் காலக்கெடுவுக்குள் மாற்றியது. இப்போது அது முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது, இனி செலவு முழுக்க உங்களுடையது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 654 சிசி, நடுப்பகுதி லேசாக இடுங்கிய எட்டு மாதிரி இருக்கும் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை மாதிரி சீல், பக்கவாட்டில் வேறு சீல்கள். இவை வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக எஞ்சின் ஆயிலையே ஒரு சின்ன பம்ப் துளித்துளியாக உள்ளே விடும். அதாவது ஆயில் குறைவது இந்தக் காருக்கு நோய் அல்ல, அதன் வேலை முறையே அதுதான். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். மற்ற காரை ஓட்டிப் பழகிய ஆள் இதைச் செய்யாமல் விட்டால் சீல் தேயும், கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் பலம்) இறங்கும், முதல் அறிகுறியாக எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

பில்லை வாங்கி நிதானமாகப் படியுங்கள். எஞ்சினைத் தவிர வேறு என்ன மாற்றினார்கள்? தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் நான்கும் மாற்றினார்களா? புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைப் பார்த்தார்களா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், இந்தக் காரில் காயில் சோர்ந்தால் பெட்ரோல் சரியாக எரியாமல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போகும், அங்கே எரிந்து, அதை உருக்கி அடைத்துவிடும். வெளியே போக வழியில்லாத சூடு திரும்ப எஞ்சினுக்குள்ளேயே நிற்கும், சீல்களைக் கொல்லும். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுச் சோர்ந்த காயிலையும் அடைத்த கன்வெர்ட்டரையும் அப்படியே விட்டிருந்தால், முதல் எஞ்சின் போன அதே வழியில் இரண்டாவதும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாலஸ் வாசகருக்கு ஆயில் கூலர் எப்படியோ, உங்களுக்குக் காயில் அப்படி.

நேரில் பார்க்கப் போகும்போது, எஞ்சினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கச் சொல்லி ஸ்டார்ட் செய்யுங்கள், அரைமணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், நிறுத்தி ஐந்து பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் பிடிக்க வேண்டும். உருட்டி உருட்டிப் பிடித்தால் வாங்காமல் வந்துவிடலாம், அல்லது புது எஞ்சினின் செலவைக் கழித்து விலை பேசலாம். அதோடு கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம். சாதாரண கேஜை வைத்து எடுத்தால் ஒரு ரோட்டருக்கு ஒரு எண்தான் வரும், மூன்று பக்கத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். ரோட்டரிக்கு என்றே தனி டெஸ்டர் இருக்கிறது, ஒரு ரோட்டருக்கு மூன்று, ஆக மொத்தம் ஆறு எண் தரும். டெஸ்டில் எஞ்சின் சுற்றிய வேகத்தை 250 ஆர்பிஎம்முக்கு ஈடாக்கிக் கணக்கிட்ட பிறகு சதுர செ.மீ.க்கு 6.9 கிலோவுக்குக் கீழே ஒரு எண் வந்தாலும் எஞ்சின் கம்பெனி சொன்ன குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போய்விட்டது. ஒரே ரோட்டரின் மூன்று எண்களுக்கு இடையே 1.5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆறு எண்ணும் எட்டை ஒட்டி நின்றால் தைரியமாக வாங்குங்கள். டெஸ்ட் செய்ய விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

ரோட்டரியும் வாரண்டியும் பிறந்ததிலிருந்தே பிரியாத கதை. 1967இல் ஜெர்மனியில் என்எஸ்யூ கம்பெனி ரோ 80 என்று ஒரு கார் விட்டது. இன்று பார்த்தாலும் அழகு குறையாத கார், 1968க்கான ஐரோப்பியச் சிறந்த கார் விருது அதற்குத்தான். ஆனால் முனைச் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன, கம்பெனி முகம் சுளிக்காமல் வாரண்டியில் எஞ்சின் மேல் எஞ்சினாக மாற்றிக் கொடுத்தது. எதிரெதிரே இரண்டு ரோ 80 வந்தால் ஓட்டுபவர்கள் எத்தனையாவது எஞ்சின் என்பதை விரல் காட்டிச் சொல்லிக்கொள்வார்களாம். அந்தச் செலவு கம்பெனியின் முதுகெலும்பை முறித்தது, 1969இல் ஃபோக்ஸ்வாகன் அதைத் தன்னிடமிருந்த ஆட்டோ யூனியன் கார் கம்பெனியோடு சேர்த்துவிட்டது. ஜப்பானில் மாஸ்டாவும் இதே சீல் பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டியது, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள். கூட்டின் உள்சுவரில் சீல் போட்ட வரி வரியான கீறலுக்குச் சாத்தானின் நகக்கீறல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் விடவில்லை. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் 787பி ஜெயித்தது அந்த உழைப்பின் தொடர்ச்சி. இந்தக் காரை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. எண்கள் சரியாக வந்தால் வாங்குங்கள்.

கேள்வி: லண்டனில் ஒரு டீலரிடம் ஏழு வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. எஞ்சின் போய்விட்டது. கம்பெனி வாரண்டி இல்லை. டீலர் கைவிரிக்கிறார்.

பதில்: பிரிட்டனில் உங்களுக்கு வாரண்டியை விடப் பலமான ஒன்று கையில் இருக்கிறது. 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர். காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் 30 நாள் உங்களுக்கு முடிந்துவிட்டது. எனவே பழுது நீக்க ஒரு வாய்ப்பு அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வாய்ப்பில் சரியாகவில்லை என்றால் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள். காரின் வயசையும் ஓட்டத்தையும் வைத்து எதிர்பார்க்கக்கூடிய தேய்மானம்தான் என்று வாதாடுவார், அதற்குத் தயாராக ஒரு வெளி மெக்கானிக்கிடம் எழுத்து அறிக்கை வாங்கிவிடுங்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவாது. நீங்கள் டீலரிடம் வாங்கியதால் உதவும்.

கேள்வி: எஞ்சின் மாற்றினால் காரின் மறுவிற்பனை மதிப்பு குறையுமா? எஞ்சின் எண் மாறிவிடுமே?

பதில்: அபூர்வமான பழைய கார் என்றால் குறையும், அங்கே தொழிற்சாலையில் போட்ட அதே எண் எஞ்சின் இருப்பதற்குத்தான் விலை. தினம் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காருக்குக் காகிதம் சரியாக இருந்தால் பெரிதாகக் குறையாது. சில சமயம் கூடவும் செய்யும். 1997 முதல் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் 996 வகை 911இலும் எஞ்சினுக்குள் ஓடும் இடைத் தண்டின் பேரிங் போய் நிறைய எஞ்சின்கள் பாழாயின. பிற்பாடு 2005 வாக்கில் அந்த பேரிங்கைப் பெரிதாக்கினார்கள். அதனால் பெரிய பேரிங் உள்ள எக்ஸ்சேஞ்ச் எஞ்சின் (பழையதற்குப் பதிலாகக் கொடுப்பது) போட்ட காரை விஷயம் தெரிந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். எஞ்சின் எண்ணில் ஏடி (AT) என்ற எழுத்துகள் இருந்தால் அது தொழிற்சாலை எக்ஸ்சேஞ்ச் எஞ்சின். நீங்கள் செய்ய வேண்டியது, பழைய எண், புது எண், மாற்றிய தேதி, மைல் நான்கும் பில்லில் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று, எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருப்பதால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து மாற்றியாக வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரும்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். வாரண்டியில் ரீபில்ட் எஞ்சின் போட்டுக் கார் நேற்றுத்தான் கைக்கு வந்தது. எப்படி ஓட்டுவது? டீலர் சாதாரணமாக ஓட்டுங்கள் என்கிறார், நண்பர் முதல் நாளே விரட்டி ஓட்டச் சொல்கிறார்.

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி. புது ரிங், ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரில் உரசி உட்கார வேண்டும், அதற்கு எஞ்சின் மேல் கொஞ்சம் பாரம் விழ வேண்டும். குழந்தையைத் தாலாட்டுவது போல ஓட்டினால் உட்காராது. அதற்காக ஆயில் சூடாகும் முன்பே கடைசி வரை மிதித்தால் பேரிங்கைத்தான் கெடுப்பீர்கள். ஆயில் நன்றாகச் சூடான பிறகு, பாதிக்கும் கொஞ்சம் மேலான அழுத்தத்தில் ஆர்பிஎம்மை ஏற்றி, காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைத்து, மறுபடி ஏற்றி, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் குரூஸ் கன்ட்ரோல் போட்டு இரண்டு மணி நேரம் ஒரே வேகத்தில் போவது வேண்டாம். குளிர் காலத்தில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் விட்டு வைக்கும் பழக்கம் உங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு, அதை இந்த எஞ்சினுக்குச் செய்யாதீர்கள். அரை நிமிஷம் விட்டு, மெதுவாக நகர்ந்து, ஓட்டத்திலேயே சூடாகட்டும். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற சின்ன ஓட்டத்துக்கு வேறு கார் இருந்தால் அதை எடுங்கள். உச்ச ஆர்பிஎம் எப்போது போகலாம் என்பதற்கு உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கும் தூரம்தான் கணக்கு, பெரும்பாலும் 1,500 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும்.

முதல் வாரம் தினமும் காலையில் காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்து எடுத்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் டீலரிடம் போங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது கூலன்ட் வழியில் காற்று நின்றுவிடும், இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு தொட்டியில் அளவு இறங்கலாம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் அளவை வாரம் ஒரு தடவை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் ஆயில் குடிக்கிறது என்று வாரண்டி கேட்கப் போனால் அந்தத் தாள் தேவைப்படும்.

முதல் ஆயில் மாற்றம் புத்தகத்தில் சொன்ன தூரம் வரை காத்திருக்க வேண்டாம், 1,000 கிலோமீட்டரில் செய்துவிடுங்கள். டீலர் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அப்போது கழற்றுகிற ஃபில்டரை உங்கள் கண் முன்னால் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்புக்குள் காந்தத்தில் ஒட்டுகிற மிகச் சன்னமான சாம்பல் நிறப் பசை இருந்தால் அது ரிங் உட்கார்ந்த தூள், பயமில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்குகிற செதில், அதுவும் காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருந்தால், போட்டோ எடுத்துக்கொண்டு, சாவியைச் சர்வீஸ் மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வேறு வண்டியில் வீட்டுக்குப் போங்கள்.